ஒரு நாள் சிரமதானம் போதுமா?

ஆடி அமாவாசை கழிந்தால் சொரிமுத்து அய்யனார் கோயில் சுற்றுவட்டாரம் என்ன பாடுபடும் என்பதை விக்கிரமசிங்கபுரத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வண்டியாக மலையேறுகிறார்கள். குடில் அடித்துத் தங்குகிறார்கள். பொங்கலிட்டு, நீராடித் திரும்புகிறார்கள். ஆற்றிலே விட்ட துணியும் கரையிலே எறிந்த பிளாஸ்டிக் பையும் மட்டும் திரும்புவதில்லை. மாணவர்களும் ஊர் இளைஞர்களும் வனத்துறையாரோடு சேர்ந்து, சாக்கும் கையுமாக அவற்றைப் பொறுக்குகிறார்கள். யாரோ போட்ட அழுக்கை யாரோ சுமக்கிறார்கள்! அந்த இளைஞர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டு ஒன்று கேட்கிறோம். மீதி நாட்களில் காட்டைப் பேணுவது யார்?

குப்பையாவது அள்ளினால் போய்விடும். வேரூன்றிய குப்பை ஒன்று உண்டு, அதுதான் உண்ணிச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்துக்கு அழகென்று வெள்ளையர் வரவழைத்த அமெரிக்கக் கண்டத்துச் செடி! இன்று நாட்டுக் காடுகளையெல்லாம் வளைத்துக்கொண்டது. அது அடர்ந்த இடத்தில் புல் தழைப்பதில்லை. புல் இல்லையேல் மானும் மிளாவும் இல்லை. அவை இல்லையேல் புலிக்கு அங்கே என்ன வேலை? 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகமானது எதற்காக?

இந்தச் செடியை மேலாக வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கட்டையில் வெட்டித் தலைகீழாகப் போடவேண்டும். அதோடு தீர்ந்ததா? பறவை தின்று போட்ட விதை அடுத்த மழையில் முளைக்கும். நாற்றாக இருக்கும்போதே வந்து பிடுங்கவேண்டும்; மறு ஆண்டும் வரவேண்டும், அதற்கடுத்த ஆண்டும் வரவேண்டும். ஞாயிறன்று வந்து, தேநீர் அருந்திப் படம் எடுத்துக்கொண்டு கலையும் கூட்டத்தால் இது ஆகுமா? (ஐம்பதுகளின் சிரமதானம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரிய மனிதர் ஒரு கூடை மண் சுமப்பார். மிச்சத்தைச் சுமப்பவர் படத்தில் இருக்கமாட்டார்!)

காட்டில் என்றும் இருப்போர் இரு சாரார். ஒருவர் வேட்டைத் தடுப்புக் காவலர். யானைக்கும் தீக்கும் முன்னே நிற்கும் இவர்களில் பலர் தொகுப்பூதியக்காரர்கள். மற்றவர் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழியில் வாழும் காணி மக்கள். எந்த ஓடை எப்போது வற்றும், எந்தச் சரிவில் தீ முதலில் ஏறும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையும் அவர்களுக்குத் தந்திருக்கிறது. உண்ணியை அகற்றும் வேலையை ஆண்டு முழுதும், உரிய கூலியோடு, முதலில் அவர்களிடமன்றோ தரவேண்டும்?

அயல் செடிகளை அகற்ற மாநில அரசு 2022இல் கொள்கை வகுத்தது, வரவேற்றோம். கொள்கை மண்வெட்டி பிடிக்காது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே ஆலை எழுப்பியதே பாபநாசத்து அருவியின் விசையை நம்பித்தான். ஆலைத் தொழிலாளியின் வீட்டுக் குடமும் கீழே நெல் வயலும் இன்றும் அந்த மலைக்காட்டையே நம்பியிருக்கின்றன.

தொண்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும், காடு அறியட்டும். கூலி கொடுக்கவேண்டிய இடத்தில் அவர்களை நிறுத்திக் கணக்கை முடிக்காதீர்கள் என்கிறோம். முண்டந்துறையில் இவ்வேலைக்கு எத்தனை பேர், எத்தனை மாதம், என்ன கூலி என்பதை அடுத்த ஆடிக்கு முன் வனத்துறை அறிவிக்கட்டும்.