மொட்டை மாடி மெஷினும் தரைத்தளத் தூணும்

நிலநடுக்கம் பற்றிப் பேச்சு வந்தாலே போதும், "ஜப்பான்காரனைப் பாருய்யா, கம்ப்யூட்டரை வச்சு கட்டடத்தையே ஆடாம நிறுத்திட்டான், நாமளும் இருக்கோமே!" என்று யாராவது ஆரம்பித்து விடுகிறார்கள். பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. இதில் வரவு செலவுக் கணக்கும் இருக்கிறதே!

1989-ல் டோக்கியோவில் 11 மாடி கியோபாஷி செய்வா கட்டடத்தில் கஜிமா நிறுவனம் பொருத்திய மெஷின்தான் இதில் முன்னோடி. உச்சியில் 4 டன்னில் ஒன்று, 1 டன்னில் ஒன்று என இரண்டு எடைகள். கட்டடம் அசைந்தால் சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும், ஹைட்ராலிக் கருவி எடையைத் தள்ளும். அந்த எதிர்விசை ஆட்டத்தைக் குறைக்கும். பெரிய எடை பக்கவாட்டு ஆட்டத்துக்கு, சின்னது முறுக்கலுக்கு. கெட்டிக்கார வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் எதற்காக வைத்தார்கள்? பலத்த காற்றிலும் மிதமான நடுக்கத்திலும் உள்ளே இருப்பவர்கள் அவதிப்படாமல் இருக்க! பெரிய நடுக்கத்தில் உயிரைக் காப்பது தூணும் உத்தரமும்தான். இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அடுத்து, மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். பெரிய நடுக்கத்தில் முதலில் போவதே அதுதான். ஜெனரேட்டர் வைக்கலாம் என்பீர்கள். சரி, பல வருடம் காத்திருந்து ஒரே ஒரு நிமிடம் தவறாமல் ஓட வேண்டிய மெஷினுக்கு வருடாவருடம் பராமரிப்புச் செலவு யார் தலையில்? லிஃப்ட் ரிப்பேருக்கே காசு வசூலாகாத அபார்ட்மெண்ட் சங்கத்தின் தலையிலா?

2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. மெஷின் இல்லாததாலா? கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்கள் மேல் நின்றவைதான் அவற்றில் பல. தூணில் ரிங் கம்பியின் முனையை 135 டிகிரி உள்ளே மடக்க வேண்டும் என்று ஐ.எஸ். 13920 விதி 1993-லேயே சொல்லிவிட்டது. அதற்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், பில்டருக்கு நேர்மை இருந்தால் போதும்.

அதே பூஜில் இடிந்த மருத்துவமனையை மறுபடி கட்டியபோது அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்தார்கள். அவை கரண்டும் கேட்காது, கம்ப்யூட்டரும் கேட்காது.

நாளைக்கு நாமும் இருபது வருடக் கடனில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள்தான். நீச்சல்குளம் உண்டா, ஜிம் உண்டா என்று கேட்போம். கீழே கார் நிற்கிற இடத்துத் தூண்களை நடுக்கத்துக்குக் கணக்குப் போட்டீர்களா என்று கேட்போமா? கேட்டால் பில்டர் முகம் போகிற போக்கைப் பாருங்கள். பிறகு ஜப்பான் மெஷினைப் பற்றிப் பேசலாம்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?