பேட்ச் உங்களுக்கா, ஸ்ட்ரிப் அம்மாவுக்கா? புதுச்சேரியின் சுகர் கணக்கு

ஊரில் இருக்கும் அம்மா காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புகிறார். சுகர் மெஷின் திரையில் 187. சென்னையிலோ பெங்களூரிலோ ஆபீஸுக்குக் கிளம்பும் பிள்ளை, ‘ஓகே மா, ஸ்வீட் தொடாதீங்க’ என்று பதில் போடுகிறார். அடுத்த ஸ்க்ரோலில் அவருக்கே ஒரு விளம்பரம்: கையில் ஒரு பேட்ச் ஒட்டிக்கொண்டால், சுகர் ஏறுவதையும் இறங்குவதையும் நாள் முழுக்க போனிலேயே பார்க்கலாம். சுகர் நோய் இல்லாதவர்களும் இதை வாங்கலாமாம்.

குருசுக்குப்பத்திலிருந்து வேலைக்காக வெளியூர் போனவர்கள் பலருக்கு இது பழக்கமான காட்சிதான். இதில் எதற்குப் பணம் போடுவது? என் பதில் நேரடியானது: பேட்ச் அப்புறம். முதலில் வீட்டில் இருக்கும் மெஷின் காட்டும் எண்ணுக்கு ஒரு அர்த்தம் கொடுங்கள்.

நாலு பேரில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ‘இன்டியாப்’ ஆய்வு முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. நாடு முழுக்க 20 வயதைத் தாண்டிய 1,13,043 பேரிடம் நடந்த ஆய்வு அது. நீரிழிவு உள்ளவர்கள் தேசிய அளவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவா 26.4 சதவீதத்தோடு முதல் இடம், மயிரிழையில் நாம் இரண்டாவது. அதாவது, வயதுவந்த நாலு பேரில் ஒருவருக்குச் சுகர்.

இவ்வளவு பெரிய ஆய்வுக்கும் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி, சின்ன மெஷினில்தான் சுகர் பார்த்தார்கள். அலமாரியில் தூங்கும் அந்த மெஷின் பொம்மை இல்லை. ஆனால் அதற்கும் வரம்பு உண்டு.

ஸ்ட்ரிப்புக்குள் என்ன நடக்குது?

ஸ்ட்ரிப் நுனியில் ஒரு நொதி தடவியிருக்கும். ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடித்து வினைபுரிவதுதான் அதன் வேலை. அந்த வினையில் எலக்ட்ரான்கள் வெளிவரும், மெல்லிய மின்சாரம் ஓடும். குளுக்கோஸ் அதிகமானால் மின்சாரமும் அதிகம். அதை அளந்து எண்ணாக மாற்றுகிறது மெஷின். இந்த வழிக்கு விதை போட்டது, 1962இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் விவரித்த நொதி மின்முனை.

இது வேதியியல் வினை என்பதால், கெடுக்கிற விஷயங்களும் வேதியியல்தான். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய சர்க்கரையும் கணக்கில் சேரும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் காற்றின் ஈரம் நொதியைக் கெடுக்கும். கடல்காற்று எந்நேரமும் அடிக்கும் குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை இறுக்கி மூடணும். அடுப்படியில், ஜன்னலோர வெயிலில், ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது.

ரத்தசோகையும் எண்ணைக் குழப்பும். சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால், பல மெஷின்கள் சுகரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். உண்மையில் சுகர் இறங்கியிருக்க, மெஷின் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு, லேபில் எடுக்கும் ‘மூணு மாச சுகர்’ முடிவையும் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதும் சுகர் டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் மெஷினுக்கு ஒரு சலுகை உண்டு. சர்வதேசத் தரத்தின்படி, சுகர் 100க்கு மேல் இருக்கும்போது லேப் முடிவிலிருந்து 15 சதவீதம் வரை மெஷின் விலகலாம். உண்மையான சுகர் 200 என்றால் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது ‘சரி’தான். நேற்று 187, இன்று 195 என்று பதறுவதில் பொருளில்லை. ஒரு வாரம் முழுக்க வெறும் வயிற்றில் 180க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், அதுதான் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டிய செய்தி.

எண்ணுக்குப் பிறகு என்ன?

1970 வாக்கில் இந்த மெஷின் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி. டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். சிறுவயதிலிருந்தே நீரிழிவோடு வாழ்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொறியாளர், டாக்டரான தன் மனைவியின் பேரில் ஒன்றை வாங்கினார். தினமும் பலமுறை பார்த்து, அதற்கேற்ப இன்சுலினையும் சாப்பாட்டையும் மாற்றினார். நோயாளியே வீட்டில் சுகர் பார்க்கும் பழக்கம் பரவ வழிகாட்டியவர்களில் அவர் ஒருவர். பார்த்த ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் ஒரு முடிவு எடுத்தார் என்பதுதான் இதில் முக்கியம்.

நம் வீடுகளில் எத்தனை எண்களுக்கு அப்படி ஒரு முடிவு இருக்கிறது? வாட்ஸ்அப்பில் வந்து, ஒரு இமோஜி வாங்கிக்கொண்டு, மேலே போய்விடுகிறது.

வாழ்க்கை முறையும் சேர்ந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கு ‘காலை வெறும் வயிற்றில்’ என்பது எந்த நேரம்? மருந்துச் சீட்டில் ‘காலை உணவுக்கு முன்’ என்று எழுதியிருக்கும். அவர் மாத்திரையையோ ஊசியையோ போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வலை இழுத்தால் படகிலேயே சுகர் இறங்கலாம். 70க்குக் கீழே போனால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இது அவருக்கும் தெரியணும், கூடப் போகிறவருக்கும் தெரியணும்.

அப்போ பேட்ச் வேண்டாமா?

வேண்டியவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய இழை, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் சுகரை ஓயாமல் அளக்கிறது. டைப் 1 நீரிழிவுள்ள குழந்தைக்கு நள்ளிரவில் சுகர் இறங்கும்போது அது அலாரம் அடிக்கும். அது உயிர் காக்கும் கருவி. பல வேளை இன்சுலின் போடுகிறவர்களுக்கும் பெரிய உதவி.

ஆனால், நோயே இல்லாத 28 வயதுக்காரருக்கு அது என்ன சொல்லும்? 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நீரிழிவு இல்லாதவர்களுக்கு இந்த சென்சாரைப் பொருத்திப் பார்த்தார்கள். அவர்களின் சுகர் சுமார் 96 சதவீத நேரம் 70க்கும் 140க்கும் நடுவில்தான் இருந்தது. மிச்ச நேரம் கொஞ்சம் ஏறி இறங்குவதும் இயல்பே. அதைப் பார்த்துவிட்டு இட்லிக்கும் வாழைப்பழத்துக்கும் பயப்படத் தொடங்குவதுதான் மிச்சம். குடும்பத்தில் சுகர் இருக்கிறது என்ற கவலையா? வருஷத்துக்கு ஒருமுறை லேபில் ரத்தப் பரிசோதனை போதும்.

குத்தாமலே சுகர் காட்டும் வாட்ச், மோதிரம் என்று ஆன்லைனில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சுகரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த மாசம் செய்யக்கூடியது

ஒரு பேட்ச் இரண்டு வாரம் வரைதான் வரும், விலை சில ஆயிரம். அந்தப் பணத்தில் நூறு ஸ்ட்ரிப்பாவது வாங்கலாம். வாங்கி அனுப்புங்கள், காலாவதித் தேதி பார்த்து. எந்தெந்த நேரம் பார்க்கணும், எந்த எண் வந்தால் என்ன செய்யணும் என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி மெஷின் டப்பாவில் ஒட்டுங்கள். அடுத்த தடவை அம்மா வெறும் வயிற்றில் லேபுக்குப் போகும்போது மெஷினையும் எடுத்துட்டுப் போகட்டும். ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் பார்த்தால், மெஷின் எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

பிள்ளை அனுப்பும் பணத்தை மட்டும் நம்பி இது நடக்கக் கூடாது. 2030க்குள் டைப் 1 நோயாளிகள் எல்லோருக்கும் இன்சுலினும், வீட்டிலேயே சுகர் பார்க்கும் வசதியும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கணும் என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் இலக்கு வைத்தது. நாலில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள புதுச்சேரி இன்னும் ஒரு படி மேலே போகணும். அரசு மருத்துவமனையில் இன்சுலின் வாங்குகிற ஒவ்வொருவர் பையிலும் ஸ்ட்ரிப்பும் இருக்கணும். அளக்க வழி தராமல் இன்சுலின் மட்டும் தருவது, டார்ச் தராமல் இருட்டில் நடக்கச் சொல்வது மாதிரி.