உடுப்பும் ஒரு சாட்சிதான்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் பூசை கண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே பூசகர் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்வார். மந்திர ஒலி எழாது. கதிர்காமத்திலும் இதுவே வழமை. நாளை ஒருவர் சந்நிதியைக் களமாகக் கொண்டு தொலைக்காட்சி நாடகமொன்று எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துணியை மறந்துவிட்டு, பட்டுப் பரிவட்டம் கட்டிய குருக்கள் ஒருவரை நிறுத்தி உரத்த குரலில் மந்திரம் சொல்லவைத்தால், ஆற்றையும் ஆலயத்தையும் எவ்வளவு அழகாகப் படம்பிடித்தாலும் அது சந்நிதியாக இராது.

இதைக் கவனித்துச் சொல்லவேண்டியவர் ஆடை வடிவமைப்பாளர். நமது தொலைக்காட்சி உலகில் மிகக் குறைவாகப் பேசப்படும் தொழில் அவருடையது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் உறவினர் வீடொன்றில் தங்கியிருந்தேன். தொலைக்காட்சியில் 1960களின் யாழ்ப்பாணத்தைக் காட்டும் நாடகம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கிணற்றடியில் ஓர் ஏழைக் கமக்காரனின் மனைவி, சரிகை மின்னும் செயற்கைப் பட்டுச் சேலையோடு நின்று தண்ணீர் அள்ளினாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பேத்தி, எண்பது வயதைக் கடந்த என் மாமியிடம் கேட்டாள்: "அம்மம்மா, நீங்களும் இப்பிடித்தானே உடுத்தனீங்கள்?" மாமி சிரித்தார். "நாங்கள் குறுக்குக்கட்டோடை நிண்டெல்லோ தண்ணி அள்ளினனாங்கள். உது ஆற்றை ஊரோ தெரியாது" என்றார்.

மாமி பக்கத்தில் இருந்தபடியால் அந்தப் பிள்ளைக்குத் திருத்தம் கிடைத்தது. மாமி இல்லாத வீடுகளில் அந்தச் சரிகைச் சேலையே வரலாறாகிவிடும். என்னுடைய கவலை இதுதான்.

ஆடை வடிவமைப்பு என்றதும் கடைக்குப் போய் அழகான சேலை எடுத்துவருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவருடைய வேலை எழுத்துப் பிரதியிலிருந்து தொடங்குகிறது. பாத்திரத்தின் வயது, தொழில், வருமானம், கதை நிகழும் ஆண்டு, மாதம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்சிவாரியாக அட்டவணை போடவேண்டும். நாடகம் கதையின் ஒழுங்கில் படமாக்கப்படுவதில்லை. காலையில் பத்தாவது காட்சியும் மாலையில் இரண்டாவது காட்சியும் எடுக்கப்படலாம். எந்தக் காட்சியில் எந்தப் பொத்தான் கழன்றிருந்தது என்பதை நிழற்படம் எடுத்து வைத்துக் காக்கவேண்டும். நெருக்கமான மெல்லிய கோடுகள் திரையில் நெளிந்து கண்ணைக் கூசச்செய்யும். வெள்ளை வெளேரென்ற துணி விளக்கொளியில் முகத்தை மங்கச்செய்யும். பத்து வருடம் உழைத்த வேட்டியைக் காட்டுவதற்குப் புதுவேட்டியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து, உரஞ்சி, நைந்துபோகச் செய்யவேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தால் பார்ப்பவர் எதையும் கவனிக்கமாட்டார். கவனிக்கப்படாமையே அவருடைய வெற்றி.

இத்தொழிலை மதித்த நாடுகளில் அது வாழ்நாட் கலையாக வளர்ந்தது. அமெரிக்காவின் பொப் மக்கி, கரோல் பேர்னற் நிகழ்ச்சிக்கு 1967 முதல் 1978 வரை, பதினொரு பருவங்களுக்கும் உடை அமைத்தவர். 1976இல் ஒரு நகைச்சுவைக் காட்சிக்காக யன்னல் திரைச்சீலையைக் கம்போடு சேர்த்து அவர் உருவாக்கிய உடை இன்று சிமித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. கோலாப்பூரில் பிறந்த பானு அத்தையா ஓவியம் கற்றவர். 'காந்தி' திரைப்படத்துக்காக 1983இல் ஜோன் மொல்லோவுடன் ஒஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்டார். ஒஸ்கார் பெற்ற முதல் இந்தியர் அவரே. பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்று 2012இல் அந்தச் சிலையை அமெரிக்க அக்கடமியிடமே திருப்பிக் கொடுத்தார். 2020இல் மறைந்தார். தன் நாட்டில் அதைப் பேணுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கவில்லை என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

1980களில் வடமராட்சிக் கரையோரத்தில் உயர்ந்த கம்பங்களில் அன்ரெனா கட்டி இந்தியத் தூரதர்ஷனைப் பார்த்த தலைமுறை என்னுடையது. 1987 ஜனவரியில் தூரதர்ஷனில் தொடங்கிய இராமானந்த சாகரின் 'இராமாயணம்' ஒளிபரப்பானபோது, இந்தியாவில் தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை போட்டுக் கும்பிட்டார்கள். நடிகரைத் தெய்வமாக்கியதில் முடிக்கும் பீதாம்பரத்துக்கும் பங்கு இருந்தது. அருண் கோவிலின் பெயர் எல்லோருக்கும் தெரியும். உடுப்புத் தைத்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

உடுப்பின் வலிமை நமக்குப் புதியதல்ல. நமது வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பைக் கண்டவர்களுக்கு, அரசன் வாய்திறக்க முன்னரே அவன் அரசன் என்று தெரிந்துவிடும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த மரபைக் கொண்ட நாம், 1982 பெப்ரவரி 15இல் ரூபவாகினி தொடங்கி நான்கு தசாப்தங்கள் கடந்த பின்னரும், தமிழ்த் தொலைக்காட்சி நாடகத்துக்கென்று ஓர் உடையறிவை வளர்த்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் நடிகர்களே வீட்டிலிருந்து உடுப்புக் கொண்டுவருகிறார்கள். இல்லையேல் சென்னைத் தொடர்களைப் பார்த்துப் பிரதிசெய்கிறார்கள்.

உயிர்களையே இழந்த சமூகத்தில் சட்டை துணியைப் பற்றிப் பேசவேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். இழந்தபடியால்தான் பேசவேண்டும் என்பேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் வெளியேறியபோது பெட்டியில் உடுப்பை வைத்தவர்கள் பலர். அல்பத்தை வைத்தவர்கள் சிலர்தான். அம்மாவின் கலியாணச் சேலையின் கொய்யகம் எப்படி இருந்தது, அப்பு சால்வையை எந்தத் தோளில் போட்டார் என்பதற்குப் பல குடும்பங்களில் இன்று நினைவைத் தவிர வேறு சான்று இல்லை. நினைவு வைத்திருப்பவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்கள் தத்தம் ஊரில் ஒரு மூதாட்டியிடம் போய், எந்த வேளைக்கு எதை உடுத்தார், எங்கே வாங்கினார், எப்படித் துவைத்தார் என்று கேட்டு எழுதட்டும். புலம்பெயர்ந்த வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய நிழற்படங்களைப் பிரதியெடுத்து, ஆண்டையும் ஊரையும் குறித்து, ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் சேர்க்கலாம். நாடகம் எடுப்பவர்கள் ஆடை அமைப்பவருக்கு ஊதியம் கொடுத்து, பெயரைத் திரையில் வாசிக்கக்கூடிய அளவுக்காவது நிறுத்தவேண்டும்.

மாமி சென்ற வருடம் காலமானார். குறுக்குக்கட்டு எப்படிக் கட்டுவது என்று பேத்தி அவரிடம் ஒருநாள் கேட்டுத் தன் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறாள். இரண்டு நிமிடப் பதிவு. எவராவது 1960களின் யாழ்ப்பாணத்தை மீண்டும் படம்பிடிக்க வந்தால் முதலில் அதைக் காட்டவேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.