பள்ளி மானியம் ஜூனில் வர வேண்டும்: அரசுப் பள்ளி நிதி குறித்து எங்கள் நிலைப்பாடு

அரசுப் பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கான மானியம் ஆண்டுதோறும் ஜூன் மாதமே முழுத் தொகையாகப் பள்ளிக் கணக்கில் சேர வேண்டும். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே எந்தக் கொள்கைச் சண்டை நடந்தாலும் அந்தப் பணம் நிற்கக் கூடாது. பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகியோர் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

பணம் வரும் வழி

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது? வகுப்பறைக் கட்டடங்களுக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், காலை உணவுக்கு முதலமைச்சரின் திட்டம் என்று தனித்தனி வழிகளும் உண்டு.

இவை எதிலும் அடங்காத செலவுகள் மிஞ்சுகின்றன. சாக்பீஸ், வருகைப் பதிவேடு, துடைப்பம், பினாயில், பழுதான தண்ணீர் மோட்டார், எரிந்துபோன மின்விசிறி. இவற்றுக்காக வருவதுதான் பள்ளி மானியம். 2018-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் போட்டு இதைத் தருகின்றன.

கணக்கைப் பாருங்கள்

மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்து வரும். திட்ட விதிப்படி 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 பேர் வரை 25,000. 250 பேர் வரை 50,000. 1,000 பேர் வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும்.

28 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இதன்படி மாதம் 833 ரூபாய் தேறும். மோட்டார் காயில் ஒருமுறை எரிந்தாலே சில மாத மானியம் அதற்குச் சரியாகிவிடும். 31 பேர் இருந்த பள்ளியிலிருந்து ஒரே ஒரு குழந்தை மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனால் 15,000 ரூபாய் குறைகிறது. கழிப்பறையோ கூரையோ பிள்ளைக்கணக்குப் பார்த்துச் சிறுத்துவிடுவதில்லை. மறுபக்கம், 251 பேர் படிக்கும் பள்ளிக்கும் 1,000 பேர் படிக்கும் பள்ளிக்கும் அதே 75,000. பெரிய பள்ளியில் தலைக்கு 75 ரூபாய்தான் வருகிறது.

பணம் போதாதபோதும் தாமதமாகும்போதும் தலைமையாசிரியர் கைக்காசைப் போடுகிறார். இல்லையென்றால் ஊரில் வசூல் நடக்கிறது. ஆண்டு முடியும் நேரத்தில் வந்து சேரும் பணத்தையோ மார்ச் 31-க்குள் செலவழித்தே தீர வேண்டும். அவசரத்தில் வாங்கும் பொருள் தேவைக்கு வாங்கியதாக இருப்பதில்லை. பில்லுக்கு வாங்கியதாக ஆகிவிடுகிறது.

2024-25 சொல்லும் பாடம்

மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை அந்த ஒப்பந்தத்தின் வழியே ஏற்கச் சொல்வதாக மாநில அரசு எதிர்த்தது. அதையடுத்து மத்திய அரசு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 2024-25-க்குத் தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது.

ஒரு திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காக வேறொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது தவறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, நிதி தரும் பொறுப்பை இரு அரசுகளுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது.

மாநில அரசுக்கும் பொறுப்பு உண்டு. அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் சேரும் 25 விழுக்காட்டுப் பிள்ளைகளின் கட்டணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இரு தரப்புக்கும் கடமையை நினைவூட்டியது. அந்த நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைக்கத் தேவையில்லை என்றது. மத்திய நிதி வரவில்லை என்று மாநிலம் காரணம் சொல்ல முடியாது என்றும் கூறியது. பள்ளி மானியத்துக்கும் இந்த நியாயமே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

மறுப்புகளுக்குப் பதில்

சிறிய பள்ளிகளை இணைத்துவிட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள். தொடக்கப் பள்ளி குழந்தையின் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மலைக் கிராமத்திலும் சிறு குக்கிராமத்திலும் பள்ளியை மூடினால், ஆறு வயதுப் பிள்ளையின் படிப்பே அதோடு நின்றுபோகலாம்.

பள்ளியிடம் பணத்தைக் கொடுத்தால் முறைகேடு நடக்கும் என்பது அடுத்த வாதம். அந்த அச்சத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஆனால் அதற்கு மருந்து வெளிப்படையான கணக்கு. பணத்தைத் தாமதப்படுத்துவதால் யார் நேர்மையும் கூடிவிடாது.

முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தரும் நன்கொடையை வரவேற்கிறோம். அது நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் உதவட்டும். பினாயில் வாங்கவும் புரவலரைத் தேட வேண்டிய நிலையில் எந்தப் பள்ளியும் இருக்கக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

1. மாநில அரசு ஒரு சுழல் நிதி அமைத்து, ஜூனிலேயே முழு மானியத்தையும் பள்ளிகளுக்குத் தர வேண்டும். மத்தியப் பங்கு வந்ததும் அதில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

2. மத்திய அரசு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியை வேறு எந்த ஒப்பந்தத்தோடும் பிணைக்கக் கூடாது.

3. எந்தப் பள்ளிக்கும் குறைந்தபட்சம் 25,000 ரூபாய் அடிப்படை மானியமும், அதற்கு மேல் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தொகையும் என்று விதியை மாற்ற வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் அதை உயர்த்த வேண்டும்.

4. மாநகராட்சிகளும் நகராட்சிகளும் சொத்து வரியோடு கல்வி வரி வசூலிக்கின்றன. எவ்வளவு வசூலானது, எந்தப் பள்ளிக்கு என்ன செலவானது என்று வார்டு வாரியாக வெளியிட வேண்டும்.

5. மானியம் வந்த தேதி, தொகை, செலவு ஆகியவற்றைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் செலவுக் கணக்கை முடிக்கக் கூடாது.

நாங்கள் செய்யப்போவது

ஐந்தாவது கோரிக்கைக்கு அரசாணை தேவையில்லை. எங்கள் உறுப்பினர்கள் இருக்கும் மேலாண்மைக் குழுக்களில் அதை இந்தக் கல்வியாண்டிலேயே நடைமுறைப்படுத்துவோம். ஆகஸ்ட் 15 கிராம சபைகளில், மானியம் எந்தத் தேதியில் வந்தது என்ற கேள்வியை எழுப்புவோம். வந்து சேராத ஊர்களில் தீர்மானம் நிறைவேற்றி, அவற்றைத் திரட்டி மாவட்ட ஆட்சியர்களிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் ஒப்படைப்போம்.