கீறல் போகட்டும், கிளியர் கோட் இருக்கட்டும்

தீபாவளி நெருங்கினால் வீட்டுக்குச் சாயம் அடிப்பதுபோல் காருக்கும் மெருகேற்றத் தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் தோன்றியது. அப்பாவின் கறுப்பு மைவியில் வெயில் பட்டால் சிலந்தி வலைபோல் கீறல்கள் தெரியும். கடையில் இருந்ததிலேயே கடுமையான காம்பவுண்டை வாங்கினேன். மெஷினை இரவல் வாங்கினேன். கீறல் போயிற்று. கூடவே பானட்டின் விளிம்பில் கிளியர் கோட்டும் போயிற்று. முழு பானட்டுக்கும் மறுபடி சாயம் அடிக்க வேண்டியதாயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

சாயத்தின் மேல் கண்ணாடிபோல் இருக்கும் கிளியர் கோட், பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியைவிட மெல்லியது. நம் ஊர் வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் அதில் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்தது திரும்ப வராது.

அதனால் அவசரம் வேண்டாம். முதலில் காரை நன்றாகக் கழுவுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், பிரேக் தூசியும் மரப்பிசினும் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். கிளே பாரைச் சோப்பு நீர் தெளித்து மெதுவாக ஓட்டினால் அவை வந்துவிடும். கிளே தரையில் விழுந்தால் எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணல் புதுக் கீறல் போடும்.

அடுத்து பாலிஷ். காம்பவுண்ட் வேகமாக வெட்டும். பாலிஷ் அதைவிட மென்மை. ஃபினிஷிங் பாலிஷ் பளபளப்புக்கு மட்டும். மென்மையானதில் தொடங்குங்கள். நிழலில், உடல் சூடு ஆறிய காரில், ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள். போதவில்லை என்றால்தான் அடுத்த படி. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் கிளியர் கோட் மெல்லியது. அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலைப் பாலிஷால் போக்க முயல வேண்டாம். துணியில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். பழைய காரில் கிளியர் கோட்டே இல்லாமல் இருக்கலாம். புதிய காரில் அது தேய்ந்து தீர்ந்திருக்கலாம்.

பலரும் மறப்பது கடைசிப் படி. பாலிஷில் உள்ள எண்ணெய் சின்னக் கீறல்களை மறைக்கும். சீலண்ட் பிடிக்கவும் விடாது. மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். உண்மையில் எவ்வளவு கீறல் போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பிறகு சீலண்டை மெல்லியதாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் வரை மழை படாமல் நிறுத்துங்கள். சாயங்கால மழை உள்ள மாதமென்றால் காலையிலேயே தொடங்குவது நல்லது.

இப்போது அப்பாவின் மைவியை நான்தான் ஓட்டுகிறேன். கதவில் இரண்டு கீறல்கள் இன்னும் இருக்கின்றன. கிட்டே போனால்தான் தெரியும். அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.