யுத்த தாதிகளும் தேவதைப் பட்டமும்

உலகத்தில் எங்கே யுத்தம் மூண்டாலும் உடனே பெண்களுக்கு ஒரு புதுப் பட்டம் கிடைத்துவிடுகின்றது. நேற்று வரையில் வாசற்படி தாண்டக்கூடாது என்று சொல்லப்பட்டவள் இன்று கருணையின் வடிவம், வெள்ளுடை தரித்த தேவதை என்றெல்லாம் ஆகிவிடுகின்றாள். யுத்தம் முடிந்து பீரங்கியை உறையில் போட்டதும் தேவதைக்கு வேலை இல்லை. மறுபடியும் அவள் வெறும் பெண்ணாகிவிடுகின்றாள். இந்தத் தேவதைப் பட்டத்தின் யோக்கியதையைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கையில் விளக்கோடு நிற்பவர். கிரிமியா யுத்தத்தின்போது 1854 நவம்பரில் 38 தாதிகளுடன் துருக்கியில் ஸ்கூட்டரி என்ற ஊரிலிருந்த ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். விளக்கு மெய்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் நடந்தது என்ன? 1855 பிப்ரவரியில் அந்த ஆஸ்பத்திரியில் 100 நோயாளிகளுக்கு 42 பேர் வீதம் செத்தார்கள். கருணை போதவில்லையா? இரவு பகல் கண் விழித்தார்களே! கட்டடத்துக்குக் கீழே சாக்கடை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் கெட்டுக் கிடந்தது. காற்று நுழைய வழி இல்லை. மார்ச்சில் சுகாதாரக் கமிஷன் வந்து சாக்கடையைக் கழுவி, அழுக்கை அள்ளி, காற்றுக்கு வழி செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூன் மாதத்தில் சாவு 100-க்கு 2 ஆக இறங்கிற்று.

இதை ஊர் திரும்பியபின் கணக்குப் போட்டு வெளியிட்டவரும் அந்த அம்மையாரே. காயத்தினால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய வியாதிகளால் செத்தவர்கள் பன்மடங்கு என்று 1858-ல் வண்ணப் படம் வரைந்து மந்திரிகளின் மூக்குக்கு நேரே நீட்டினார். அதே ஆண்டில் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தின் முதல் பெண் அங்கத்தினரானார். கடவுள் தம்மை அழைத்ததாக அவர் நம்பியதுண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சாக்கடையைக் கழுவியது அழைப்பு அல்ல, வாளியும் தண்ணீரும். உலகம் என்ன செய்தது? விளக்கை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டது. விளக்குப் பிடிக்கும் பெண்ணால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கணக்குக் கேட்கும் பெண்ணால் அல்லவா ஆபத்து!

தேவதை ஆவதற்கு நிறமும் வேண்டியிருந்தது. ஜமாய்க்காவில் பிறந்த மேரி சீகோல் அம்மையார் காலரா வைத்தியத்தில் நல்ல அனுபவம் உள்ளவர். அதே யுத்தத்துக்குத் தாதியாகப் போகிறேன் என்று லண்டனில் கதவு கதவாகத் தட்டினார். ஒருவரும் திறக்கவில்லை. சொந்தப் பணத்தில் கிரிமியாவுக்குப் போய், பாலக்லாவாவுக்கு அருகில் ஒரு விடுதி கட்டி, சிப்பாய்களுக்குச் சோறும் மருந்தும் கொடுத்தார். யுத்தம் முடிந்தபோது அவர் கடனாளி. லண்டனில் அவருக்குச் சிலை வைத்தது 2016-ல்.

அமெரிக்கா யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அடிமைத்தனத்தின் பேரில் நடந்த அந்த உள்நாட்டு யுத்தத்தில் ஹாரியட் டப்மன் அம்மையார் தாதியாகவும் உளவாளியாகவும் உழைத்தார். யுத்தம் 1865-ல் முடிந்தது. சர்க்கார் வெகுகாலங்கழித்து மாதம் 8 டாலர் கொடுத்தது. அதுவும் சிப்பாயாயிருந்தவரின் விதவை என்பதற்காக! தாதி வேலையையும் கருதி அதை 20 டாலர் ஆக்கியது 1899-ல். புருஷன் செத்ததற்குக் கூலி முதலில், தான் உழைத்ததற்குக் கூலி 34 வருஷங்கழித்து. இதற்குப் பேர் நன்றியா? அதே யுத்தத்தில் ரண வைத்தியம் செய்த டாக்டர் மேரி வாக்கர் அம்மையாருக்கு 1865-ல் கௌரவப் பதக்கம் கொடுத்தார்கள். 1917-ல் வேறு நூற்றுக்கணக்கானவர்களின் பதக்கங்களோடு அதையும் ரத்து செய்தார்கள். அம்மையார் அதைக் கழற்ற மறுத்துச் சாகும்வரை சட்டையில் குத்தியே திரிந்தார். சபாஷ் என்று சொல்லத் தோன்றுகின்றதல்லவா? 1977-ல் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், செத்து 58 வருஷத்துக்குப் பிறகு.

நிற்க, நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது டாக்டர் எல்ஸி இங்லிஸ் அம்மையாரைப்பற்றி. இவர் பிறந்தது நம் தேசத்து நைனிடாலில், 1864-ல். எடின்பரோவில் வைத்தியம் செய்தார். பெண்களுக்கு ஓட்டு வேண்டுமென்று ஊர் ஊராய்ப் பேசினார். 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டதும், பெண் டாக்டர்களும் தாதிகளுமே நடத்தும் ஆஸ்பத்திரிகளை அமைத்துத் தருகிறோம் என்று பிரிட்டிஷ் யுத்த இலாகாவிடம் போனார். வீட்டுக்குப் போய்ப் பேசாமல் இரும் அம்மா என்ற பொருளில் பதில் வந்ததாகச் சொல்லப்படுகின்றது.

அம்மையார் வீட்டுக்குப் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்களிடமும் செர்பியர்களிடமும் கேட்டார். அவர்கள் சரி என்றார்கள். பிரான்சில் ருவாயோமோன் என்ற பழைய மடத்தை ஆஸ்பத்திரியாக்கினார்கள். சாமியார்கள் ஜெபித்த இடத்தில் பெண்கள் கத்தி எடுத்துக் குண்டு எடுத்தார்கள். யுத்தம் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். செர்பியாவில் 1915-ல் டைபஸ் ஜுரம் ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. சிகிச்சை செய்யப்போன தாதிகளிலும் சிலர் அதற்கே பலியானார்கள். எதிரிப் பட்டாளம் உள்ளே வந்தபோது இங்லிஸ் அம்மையார் நோயாளிகளை விட்டு ஓடாமல் கைதியானார். 1916-ல் விடுதலையாகி வந்தவர் சும்மா இருந்தாரா? அதே ஆண்டில் ருஷ்யா வழியாக மறுபடியும் செர்பியப் படைக்கு உதவப் போனார். வயிற்றில் வியாதியோடு திரும்பிக் கப்பலைவிட்டு இறங்கிய மறுநாள், 1917 நவம்பர் 26-ல் உயிர் விட்டார்.

அதன் பிறகுதான் புகழ்ச்சி மாரி! லண்டனில் எண்டல் தெருவில் பெண்களே நடத்திய ராணுவ ஆஸ்பத்திரியும் இப்படித்தான். ஓட்டுக் கேட்டுப் போராடிய பெண்களே அதை நடத்தினார்கள். ஆயிரக்கணக்கில் ரண சிகிச்சை செய்தார்கள். சம்பளம் அதிகாரிகளுக்குச் சமம் என்றார்கள்; அதிகாரி என்ற அந்தஸ்தை மட்டும் கொடுக்கவில்லை. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் பெண்களுக்குக் கதவைத் திறந்த லண்டன் வைத்தியக் கல்லூரிகளில் பல, 1920-களில் அந்தக் கதவைத் திரும்பச் சாத்திக்கொண்டன.

இதற்கெல்லாம் சமாதானமாக, பணிவிடை பெண்ணுக்கு இயற்கை என்பார்கள். இயற்கையானால் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ல் தாதிகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தது எதற்கு? அமெரிக்க ராணுவத் தாதிப் படையில் 1955 வரையில் ஆண்களைச் சேர்க்காமல் விதி போட்டு வைத்திருந்தது எதற்கு? தண்ணீர் கீழே ஓடுவது இயற்கை. அதற்குச் சட்டம் வேண்டுவதில்லை.

செஞ்சிலுவைச் சங்கத்தையும் பாருங்கள். 1859-ல் சோல்பெரினோ சண்டையில் காயம்பட்டவர்களை எந்தப் பக்கத்தார் என்று பாராமல் கவனித்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள். அதைக் கண்ணால் கண்ட ஹென்றி டூனான் முயற்சியால் 1863-ல் ஜினீவாவில் கமிட்டி பிறந்தது. அங்கத்தினர் ஐவரும் ஆண்கள்! முதல் பெண் அங்கத்தினர் வந்தது 1918-ல். முதல் பெண் தலைவர் வந்தது 2022-ல். காயத்தைக் கழுவ உடனே தகுதி. நாற்காலியில் உட்கார 159 வருஷம்.

நம் ஊர் மட்டும் விலக்கா? கொரோனாவை யுத்தம் என்று பேர் வைத்து, 2020 மே மாதத்தில் ஆஸ்பத்திரிகளின்மேல் ஆகாய விமானப் படையைக்கொண்டு பூமாரி பொழிந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நர்சுகளுக்கு 2022 டிசம்பர் கடைசியில், இனி ஒப்பந்தம் நீளாது என்று உத்தரவு வந்தது. பூவை உலையில் போட்டுப் பொங்க முடியுமா?

வருஷந்தோறும் மே 12-ந் தேதி தாதிகள் தினம் என்று மேடை போடுவார்கள். ஒரு பிரசங்கியார் எழுந்து தேவதை என்று ஆரம்பிப்பார். அப்பொழுது கூட்டத்திலுள்ள தோழர்கள் எழுந்து, இந்த ஆஸ்பத்திரியில் எத்தனை தாதிகள் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம், போன மாதச் சம்பளம் கொடுத்தாய்விட்டதா என்று மூன்று கேள்விகள் கேட்கும்படி வேண்டுகின்றோம்.