திருப்பண்டங்களும் விசுவாசமும்: ஆய்வுக்கு அஞ்ச வேண்டுமா?

இத்தாலியின் தூரின் நகரில் பேணப்படும் புனித அடக்கத்துணி மீண்டும் விவாதப் பொருளாகியுள்ளது. சிலுவையில் அறையுண்ட ஒருவரின் உருவம் பதிந்துள்ள அத்துணியை, 14 ஆம் நூற்றாண்டு அறிஞர் நிக்கோல் ஒரேம் அக்காலத்திலேயே ஏமாற்று வேலையெனக் கருதினார் என்பதை 2025 இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. இத்தகைய செய்திகள் இன்று பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் லயன்களையும் கைத்தொலைபேசி வழியே எட்டிவிடுகின்றன. "துணி போலியென்றால் நமது விசுவாசமும் போலியா?" என்று பிள்ளைகள் கேட்டால், பெற்றோர் தடுமாறக் கூடாது.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்வோம். ஒரேம் திருச்சபையின் பகைவரல்லர். பின்னாளில் ஆயராகப் பணியாற்றியவர். 1389 இல் மற்றுமோர் ஆயரான பியேர் தார்சியும், அவ்வுருவம் தீட்டப்பட்டதே என எழுதினார். ஆகவே இந்த ஐயம் திருச்சபைக்கு உள்ளேயே பிறந்ததாகும்.

1988 இல் ஒக்ஸ்போர்ட், சூரிச், அரிசோனா ஆய்வுகூடங்கள் நடத்திய காபன் காலக்கணிப்பு, துணி 1260 க்கும் 1390 க்கும் இடைப்பட்டதென அறிவித்தது. மாதிரி ஒரே மூலையிலிருந்து எடுக்கப்பட்டதைச் சிலர் குறையாகக் கூறுகின்றனர். 2022 இல் இத்தாலிய அறிஞர் சிலர் ஊடுகதிர் முறையால் அதற்கு 2000 ஆண்டுப் பழைமை இருக்கலாம் என்றனர்; அம்முறை பரவலாக ஏற்கப்படவில்லை. உருவம் எவ்வாறு பதிந்தது என்பதற்கும் ஒருமித்த விடையில்லை. 1998 இல் தூரின் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இக்கேள்விகளுக்குத் தீர்ப்பு வழங்கும் தனித்தகுதி திருச்சபைக்கு இல்லையெனக் கூறி, ஆய்வை அறிவியலாளரிடமே ஒப்படைத்தார்.

உரோமைப் பேராலயம் ஒன்றில் அப்போஸ்தலர் யாக்கோபுவினுடையதெனப் போற்றப்பட்ட எலும்பு, 214 க்கும் 340 க்கும் இடைப்பட்டதென 2021 இல் ஆய்வு வெளியானது. எலும்பு வேறொருவருடையது, அதனால் யாக்கோபுவின் இரத்த சாட்சியம் பொய்யாகிவிடவில்லை. பொருளின் வயதைக் கூறுவது அறிவியல். அப்பொருள் நினைவூட்டும் ஆண்டவரிடம் நம்மை இட்டுச் செல்வது விசுவாசம்.

இதற்கு நமது மண்ணிலேயே சான்றுண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1687 இல், கூலியாளின் கோலத்தில் இந்நாட்டிற்குள் நுழைந்தவர் புனித யோசப் வாஸ் அடிகளார். தமிழிலும் சிங்களத்திலும் நற்செய்தி அறிவித்த அவர், கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைப் பேணினார். 1711 ஜனவரி 16 இல் கண்டியிலேயே இறந்தார். அவரது கல்லறை இருந்த இடம் இன்று அறியப்படவில்லை. எனினும் 2015 இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். காட்டுவதற்குக் கல்லறையில்லை, அவர் ஊன்றிய விசுவாசமோ நிலைத்து நிற்கின்றது. கூலிகள் என்றழைக்கப்பட்டோரின் வழிவந்த ஊவா மக்களுக்கு, அவர் பூண்ட கோலமே அரியதொரு நினைவுச் சின்னமன்றோ!

இதனால் திருப்பண்ட வணக்கம் வீணென்று கொள்ளலாகாது. முதியவர் ஒருவர் பேழையைத் தொட்டு முத்தமிடுகையில், அவரது அன்பு அப்புனிதரைச் சேர்கின்றது. படித்த இளையோர் அதனை எள்ளி நகையாடுதல் தகாது. அதேவேளை, புனிதப் பொருளென்று கூறி எவரேனும் பணம் கேட்டால் ஏமாறாதிருப்போம். திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190 ஆம் பிரிவு முற்றாகத் தடைசெய்கின்றது. அவற்றின் உண்மைத்தன்மைக்கு உரிய திருச்சபை அதிகாரியின் சான்றிதழ் வேண்டுமென்பதை 2017 இல் வத்திக்கான் மீண்டும் வலியுறுத்தியது. நாள் முழுதும் கொழுந்து பறித்து ஈட்டிய கூலி, போலிப் பொருளுக்குப் போகலாமா? ஐயமிருப்பின் பங்குத்தந்தையிடம் கேட்டறிவதே முறை.

அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு புனித பவுல் தெசலோனிக்கருக்கு அறிவுறுத்தினார். உண்மை எத்திசையிலிருந்து வரினும் அது இறைவனிடமிருந்தே வருகின்றது. அதற்கு அஞ்சாத உள்ளத்தை நமது பிள்ளைகளுக்கு வழங்குவோமாக.